தங்கச்சிக்குக் காலேஜ் முதல் வருடம், தினமும் போனில் அழுகிறாள். திரும்பக் கூட்டி வந்துவிடலாமா?

பாம்பன் அண்ணன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பாம்பன். நாட்டுப்படகில் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், மீன்பிடித் தொழில். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். எங்கள் குடும்பத்திலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் என் தங்கச்சிதான். உள்ளூர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசாங்கமே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆக, இது பணத்தால் வந்த சிக்கல் இல்லை.

சேர்ந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தாள். விடுதி அறை, கூடப் படிக்கிற பிள்ளைகள், ஜன்னலில் தெரிகிற மலை என்று எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினாள். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்த பிறகுதான் மாறிப்போனாள். பள்ளியில் கணக்கில் நூறை ஒட்டி வாங்கிய பிள்ளை, இங்கே பாதி மார்க்கைக்கூடத் தொடவில்லை. வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. "போர்டைப் பார்த்தா தெரிஞ்ச கணக்கு மாதிரிதான் இருக்கு அண்ணா, ஆனா சார் என்ன கேட்கிறார்னு பிடிபடறதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிடறார்" என்கிறாள். சந்தேகம் கேட்கக் கூச்சம். ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்று நினைத்து வாயைத் திறப்பதே இல்லை.

இன்னொன்று. அம்மா நெத்திலிக் கருவாட்டை வறுத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினார். அறையில் அதைத் திறந்ததும் ஒரு பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டதாம். அதற்குப் பிறகு அந்த டப்பாவை அவள் திறக்கவே இல்லை. இதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

போன வாரம் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்று முன்னாடியே அறிவித்துவிட்டதால் எங்கள் படகு, அப்பா போகிற படகு எல்லாம் கரையில்தான் நின்றன. ஆனால் அவள் செல்போனில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, வகுப்பிலிருந்து வெளியே வந்து எனக்குப் போன் போட்டாள். நான் வலை பொத்திக்கொண்டிருந்தேன், போன் வீட்டில் கிடந்தது. நான் எடுத்துப் பேசுவதற்குள் அவள் அழுது அழுது குரலே கம்மிப் போயிருந்தது.

தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பேசுவாள். "சாப்பிட்டியா" என்று கேட்டாலே அழுகை. ஒரு நாள் "வந்துடறேன்" என்கிறாள், மறுநாள் "இல்ல, இருந்து பார்க்கிறேன்" என்கிறாள். அம்மா, "பிள்ளை உருகிப் போயிரும், ராமநாதபுரத்திலேயே ஏதாவது காலேஜில் சேர்த்துவிடு" என்று தினமும் சொல்கிறார். அப்பா, "அவளே சொல்லட்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

நான் பத்தாம் வகுப்போடு கடலுக்கு வந்துவிட்டவன். காலேஜில் முதல் வருடம் எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் தெருவில் ஆள் இல்லை. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதானா, தானாகச் சரியாகுமா? வீட்டில் நடக்கிற கஷ்டங்களை அவளிடம் சொல்லலாமா, மறைப்பது நல்லதா? பாடத்தில் அவளுக்கு உதவி செய்ய என்னால் முடிந்தது ஏதாவது இருக்கிறதா? படித்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அவள் படித்து முடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் அவளை வதைத்துப் படிக்க வைக்க எனக்கு மனசு இல்லை.

---

தங்கச்சிமடம் பொண்ணு:

அண்ணா, எனக்குத் தங்கச்சிமடம். சென்னையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் தங்கச்சி அழுவதில் பாதிக்கு மேல் காலேஜ் சம்பந்தப்பட்டதே இல்லை என்று நினைக்கிறேன். கூண்டு ஏற்றிய கதையை நீங்கள் நடுவில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

கூடப் படிக்கிற பிள்ளைகளின் அப்பாக்கள் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. நமக்கு அப்படியா? படகு போயிருக்கிறதா, கரைக்கு வந்துவிட்டதா, காற்று எப்படி என்பது வீட்டில் இருக்கும்போது கேட்காமலே தெரியும். வாசலில் நின்றால் தெரியும், தண்ணீர் பிடிக்கப் போனால் தெரியும், எதிர் வீட்டு அக்கா சொல்லிவிடுவார். விடுதியில் கால் வைத்த அன்றைக்கு அது அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோகிறது. முதல் வருடம் முழுக்க நான் போனில் காற்று வேகம் காட்டுகிற ஆப்பை வைத்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருப்பேன். பாடம் காதில் எங்கே விழும்?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் வருடத்தில் அப்பா போன படகு இலங்கையில் பிடிபட்டது. பிள்ளை படிப்பு கெட்டுவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ராமேஸ்வரம் மீனவர்கள் கைது என்று கீழே எழுத்து ஓடியது. அம்மாவுக்குப் போன் போட்டால், "அப்பா தூங்குறாங்க" என்றார். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. அப்பா நல்லபடியாகத் திரும்பி வந்தார். ஆனாலும் வெகு நாளைக்கு, "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று அம்மா சொன்னால் நான் நம்ப மாட்டேன். வீடியோ காலில் அப்பாவைக் காட்டச் சொல்வேன்.

அதனால் தயவுசெய்து மறைக்காதீர்கள். இன்ஜின் பழுதானால் பழுது என்று சொல்லுங்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று சொல்லி, மாத்திரை சாப்பிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிற வீடு என்று தெரிந்துவிட்டால், நீங்கள் "ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது அவளும் நம்பிவிடுவாள்.

அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள் அண்ணா. கரை ஏறியதும் ஒரு வாய்ஸ் மெசேஜ். "வந்துட்டோம், நகரை மீன் கொஞ்சம் பட்டுச்சு, அப்பாவும் வந்துட்டாங்க." அவ்வளவு போதும். கடலுக்குப் போகாத நாளில் "இன்னைக்குப் போகல" என்று ஒரு வரி. பதில் போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், அவள் வகுப்பு முடிந்து கேட்டுக்கொள்வாள். என் அம்மா இன்றைக்கும் இப்படித்தான் அனுப்புகிறார். இது வர ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அந்த ஆப்பை அழிக்க மனசு வந்தது.

கருவாட்டு விஷயம் எனக்கும் நடந்தது. நீங்கள் கருவாட்டை நிறுத்த வேண்டாம். பொடியாக இடித்து, மூடி இறுகுகிற பாட்டிலில் கொடுங்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு எடுத்துப்போய்ச் சோற்றில் போட்டுச் சாப்பிடலாம். கூடவே எல்லோருக்கும் பங்கு வைக்கிற மாதிரி ஒன்று அனுப்புங்கள். தை மாதம் பனங்கிழங்கு வரும்போது ஒரு கட்டு அவித்துக் கொடுங்கள். என் அறையில் இருந்த பிள்ளைகளுக்கு அதை எப்படி உரிப்பது என்றே தெரியவில்லை, நான்தான் நார் எடுத்துக் கொடுத்தேன். நான் கொஞ்சம் நிமிர்ந்து பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

முக்கியமாக இதையும் கேட்டுவிடுங்கள்: சீனியர் யாராவது தொந்தரவு செய்கிறார்களா? நேரடியாகக் கேட்டால் "இல்லை" என்பாள். "சாயங்காலம் யார்கூட இருப்பே, யாராவது கூப்பிட்டு வேலை சொல்றாங்களா" என்று சுற்றி வளைத்துக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1997-லேயே ராகிங்கைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது, இரண்டு வருடம் வரை சிறை உண்டு. 1800-180-5522 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் புகார் சொல்லலாம். அப்படி எதுவும் இல்லை என்றால் நிம்மதி.

---

பாம்பன் அண்ணன்:

தங்கச்சி, நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். போன மாதம் அப்பாவுக்குக் காலில் திருக்கை மீன் குத்தி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டோம். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது அம்மாதான். இன்று ராத்திரி அப்பாவையே பேசச் சொல்லி, காலையும் காட்டச் சொல்கிறேன். ராகிங் எதுவும் இல்லை. அவள் அறையில் இருக்கிற சேலத்துப் பிள்ளை ஒன்று ரொம்பப் பாசமாக இருக்கிறதாம்.

பாடத்துக்கு என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

---

கீழக்கரை டீச்சர்:

தம்பி, நான் கீழக்கரையில் பிறந்து வளர்ந்தவள். பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்துகிறேன். தமிழ் வழியில் படித்து வருகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். முதல் இன்டர்னலில் அவர்கள் மார்க் விழுவதும், அதைப் பார்த்து "எனக்குத் தகுதி இல்லை" என்று முடிவு கட்டிவிடுவதும் வழக்கமாக நடக்கிறது. அந்த முடிவுதான் ஆபத்து, மார்க் இல்லை.

உங்கள் தங்கச்சி சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள். போர்டைப் பார்த்தால் தெரிந்த கணக்கு மாதிரி இருக்கிறது என்கிறாள். மாதிரி இல்லை, தெரிந்த கணக்கேதான். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும். இங்கே மேட்ரிக்ஸ் என்று அதன் மேல்தான் கட்டுகிறோம். வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் இரண்டும் சேர்ந்துதான் இங்கே கால்குலஸ். அடித்தளம் அவளிடம் இருக்கிறது. சார் வாயிலிருந்து வருகிற பெயர்கள்தான் புதிது. அவளிடம் ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் வகுப்பில் கேட்ட சொல்லைக் காதில் விழுந்தபடி எழுத வேண்டும். வலது பக்கம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் அதற்கு என்ன இருந்தது என்று எழுத வேண்டும். பழைய புத்தகங்கள் வீட்டில் கிடந்தால் எடைக்குப் போடாமல் உடனே அனுப்பிவையுங்கள். என் மாணவிகள் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள், ஒரு செமஸ்டருக்குள் வலது பக்கம் தேவையில்லாமல் போகிறது.

முதலாமாண்டுப் பொறியியல் பாடப் புத்தகங்கள் தமிழிலும் இருக்கின்றன. தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ நடத்துகிற இ-கும்ப் என்ற தளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். தேர்வை ஆங்கிலத்தில் எழுதினாலும், முதலில் தமிழில் ஒரு தடவை வாசித்துப் புரிந்துகொண்டு வகுப்புக்குப் போனால் காதில் விழுவது வேறு மாதிரி இருக்கும்.

சந்தேகத்தைத் தமிழில் கேட்கலாம். வகுப்பு முடிந்ததும் மேசைக்குப் பக்கத்தில் போய்த் தமிழில் கேட்கிற பிள்ளையை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. கேட்காத பிள்ளைக்கு என்ன புரியவில்லை என்றுதான் எங்களுக்குத் தெரியாமல் போகிறது. ஒருவர் முகம் சுளித்தால் இன்னொருவரிடம் கேட்கட்டும், துறையில் நாலைந்து பேர் இருப்போம்.

அண்ணா பல்கலைக்கழகத்துக் கல்லூரி என்றால் முதல் வருடத்தில் தமிழர் மரபு என்று ஒரு பாடம் இருக்கும். பல பிள்ளைகள் அதை எளிதான பாடம் என்று ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் தங்கச்சி அதை விடக்கூடாது என்று நான் ஆசைப்படுகிறேன். திணை, சங்ககாலத் துறைமுகங்கள், ஏற்றுமதி இறக்குமதி எல்லாம் அதில் வருகின்றன. வைகை கடலில் சேர்கிற இடத்தில் இருக்கிற அழகன்குளம் நம் மாவட்டம். தொல்லியல் துறை அங்கே தோண்டியதில் ரோமானியக் காசுகளும், கப்பல் வரைந்த பானை ஓடும் கிடைத்தன. நெய்தல் என்று புத்தகத்தில் படிப்பதை வீட்டு வாசலில் பார்த்து வளர்ந்தவள் அவள். வாடைக்காற்றும் சோழகம் என்கிற தென்காற்றும் எப்போது மாறும், எந்தக் காற்றில் வடகடலில் (பாக் விரிகுடாவில்) தொழில், எதில் தென்கடலில் தொழில் என்று அந்த வகுப்பில் இவளைவிட யாருக்குத் தெரியும்? செமினார் என்று ஒன்று கொடுத்தால் அழகன்குளத்தைப் பற்றித் தமிழில் பேசட்டும். வகுப்பு முன்னால் ஒரு தடவை எழுந்து நின்று பேசிவிட்டால் கணக்கு வகுப்பிலும் வாய் திறக்கும்.

என்னால் முடிந்தது ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரே ஒரு கணக்கை உங்களுக்குத் தமிழில் சொல்லித் தரட்டும். உங்களுக்கு முழுசாகப் புரிய வேண்டும் என்பதில்லை. எங்கே உங்களுக்குப் புரியவில்லையோ அங்கே "அது எப்படி" என்று நிறுத்திக் கேளுங்கள். அவள் தடுமாறுகிற இடம்தான் அவள் திரும்பப் படிக்க வேண்டிய இடம்.

வாரா வாரம் ஊருக்கு வரவழைக்க வேண்டாம். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். ஒரு பாடத்துக்கு 60 மணி நேர வகுப்பு என்றால் 15-க்கு மேல் விட முடியாது. சனி, திங்கள் என்று விட்டுக்கொண்டே போனால் அது கரைந்துவிடும். அப்படியே ஒரு பாடத்தில் அரியர் விழுந்தாலும் படிப்பு முடிந்துவிடாது, அடுத்த செமஸ்டரில் எழுதலாம். இதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவைப்பது நல்லது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி இது தெரியாமல் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

ஒரு எச்சரிக்கை. அழுவது வேறு. சாப்பிடுவதையே விட்டுவிட்டாள், தூங்குவதில்லை, வகுப்புக்குப் போகாமல் படுத்தே கிடக்கிறாள், "நான் இருந்து என்ன" என்ற மாதிரி பேசுகிறாள் என்றால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். நேரில் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

---

தேவிபட்டினம் அய்யா:

டீச்சரம்மா சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. எப்படியாவது அங்கேயே இருக்க வைக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். என் மகன் பொறியியல் சேர்ந்து முதல் செமஸ்டரோடு வந்துவிட்டான். வீட்டு ஞாபகம் இல்லை காரணம், அந்தப் படிப்பே அவனுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தான். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வந்தான். இப்போது அரசு வேலையில் இருக்கிறான். ஒரு வருடம் போனதுதான், வேறு நஷ்டம் இல்லை.

உங்கள் தங்கச்சிக்கு அந்தப் படிப்பு பிடித்திருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? ஊர் பிடிக்கவில்லையா, படிப்பு பிடிக்கவில்லையா என்பது இரண்டும் வேறு. ஊர் பிடிக்கவில்லை என்றால் பழகிவிடும். படிப்பே பிடிக்கவில்லை என்றால் நாலு வருடம் இழுக்க வேண்டாம். கடல் சம்பந்தமாகப் படிக்க ஆசை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. நம் தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, பட்டம் முடித்தபின் அங்கே மேற்படிப்புக்குப் போகலாம். எதுவானாலும் இந்த செமஸ்டரை முடிக்காமல் நடுவில் எழுந்து வர வேண்டாம். கேரளக்கரை போய்த் தொழில் செய்தவன் நான், பாதியில் திரும்பி வந்தால் முன்பணமும் போய், பேரும் கெடும்.

---

பாம்பன் அண்ணன்:

அய்யா சொன்னபடி நேற்று கேட்டேன். "படிப்பு பிடிச்சிருக்கு அண்ணா, கம்ப்யூட்டர்ல பைத்தான் புரோகிராம் எழுதுற லேப் மட்டும் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள். அந்த லேபில் முதலில் முடித்தவர்களில் அவளும் ஒருத்தியாம். அதை இதுவரை எங்களிடம் சொல்லவே இல்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்பா காலைக் காட்டினார். அழுதாள், திட்டினாள். அப்புறம் திருக்கை எவ்வளவு பெரிசு, யார் கட்டுப் போட்டார், ஊசி போட்டார்களா என்று விசாரித்தாள். வைக்கும்போது குரல் தெளிவாக இருந்தது. நேற்றும் இன்றும் கரை ஏறியதும் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். இன்றைக்கு அவளாக ஒரு தம்ஸ் அப் போட்டிருந்தாள்.

கூட்டி வருகிற பேச்சை இப்போதைக்கு அம்மாவும் எடுக்கவில்லை. நானும் அப்பாவும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களும் கருவாட்டுப் பொடியும் எடுத்துக்கொண்டு போகிறோம். டீச்சர், காலேஜில் யாரைப் பார்ப்பது? எங்களை மாதிரி ஆட்கள் போய் நின்றால் பேசுவார்களா?

---

கீழக்கரை டீச்சர்:

தாராளமாகப் பேசுவார்கள். சனி, ஞாயிறு போனால் யாரும் இருக்க மாட்டார்கள், வெள்ளிக்கிழமை போங்கள். வாசலில் காவலாளியிடம் அவள் பெயர், துறை, முதலாமாண்டு என்று சொல்லுங்கள். வகுப்பு ஆலோசகர் என்று ஒருவர் இருப்பார், அவரைப் பாருங்கள். விடுதிக் காப்பாளரையும் பார்த்து உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆலோசகரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: தமிழ் வழியில் வந்த பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தனி வகுப்பு ஏதாவது நடக்கிறதா, கணக்கில் சந்தேகம் கேட்க எந்த நேரத்தில் யாரிடம் போகலாம். பதிலைத் தங்கச்சி முன்னாலேயே கேட்டு வாங்குங்கள், அப்போதுதான் அவளுக்குப் போய்க் கேட்கத் துணிவு வரும்.

முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள் தம்பி. வேலை நாளில் அப்பாவும் அண்ணனும் திடீரென்று வந்து நின்றால் வீட்டில் என்னவோ ஏதோ என்று பயந்துவிடுவாள்.